விழுந்த சைக்கிளின் ஹேண்டில்பார்: நேராக்கிய பின் 19ஆம் நாள் தெரியவந்த விரிசல்

பின்னணி

இந்த நிகழ்வில் தொடர்புடையவர்கள் மூவர்: சைக்கிளை ஓட்டியவர், அன்று அவருடன் வந்த நண்பர், சைக்கிளைப் பழுதுபார்த்த நான். பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன். முதல் முறை சைக்கிள் என் கைக்கு வந்தபோது செய்ய வேண்டிய ஒரு வேலையை நான் செய்யாமல் விட்டேன். அதனால் ஓட்டியவர் ஏறக்குறைய இரண்டரை வாரம் விரிசல் விட்ட ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சாலையில் சென்றிருக்கிறார். பழுதுபார்ப்பவர்களுக்கும் தம் சைக்கிளைத் தாமே சரிசெய்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சைக்கிள் அன்றாடப் பயணத்துக்கானது. சட்டமும் ஹேண்டில்பாரும் அலுமினியம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும், அதிலிருந்து சட்டத்தின் தலைக்குழாய் வழியாக மேலே வரும் ஸ்டீயரர் குழாயும் எஃகு. ஹேண்டில்பார் 620 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான வகை, இருபுறமும் சற்றே பின்னோக்கிச் சாய்ந்தது. ஹேண்டில்பாரை ஸ்டீயரர் குழாயோடு இணைக்கும் பாகம் ஸ்டெம்; அது பிடிக்கும் நடுப்பகுதியின் விட்டம் 31.8 மில்லிமீட்டர். ஸ்டெம், ஸ்டீயரர் குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் இன்றைய வகையைச் சேர்ந்தது. அதில் ஹேண்டில்பாரை முன்னாலிருந்து அழுத்தும் முன்தகட்டுக்கு நான்கு போல்ட்களும், ஸ்டீயரர் குழாயைக் கவ்வும் பின்பகுதிக்கு இரண்டு போல்ட்களும் உண்டு. பிரேக்குகள் கம்பியால் இயங்குபவை. விழுவதற்கு முன் இந்தச் சைக்கிளில் எந்தக் குறையும் இருந்ததாக ஓட்டியவர் சொல்லவில்லை.

விழுந்த இடத்தில் நடந்தது

மாலை மங்கும் நேரத்தில் ஒரு வலப்பக்கத் திருப்பத்தில் சாலையில் சிதறிக் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி, சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தது. வேகம் அதிகமில்லை. ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பும் வலது தோளில் அடியும் பட்டன, தலையில் அடிபடவில்லை. சைக்கிளில் தரையை முதலில் தொட்டது ஹேண்டில்பாரின் வலது முனை. சைக்கிள் முன்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்க, அந்த முனை தரையில் உராய்ந்து பின்னுக்குத் தள்ளப்பட்டது. எழுந்து பார்த்தபோது, முன்சக்கரம் நேராக இருக்க ஹேண்டில்பார் மட்டும் ஏறக்குறைய 15 பாகை வலப்பக்கம் திரும்பி நின்றதாக இருவரும் சொன்னார்கள்.

நண்பர் முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கி நேராக்கினார். போல்ட்களைத் தளர்த்த அவர்களிடம் ஆலன் கீ (அறுகோணச் சாவி) இல்லை. முறுக்கியவுடன் எளிதாகத் திரும்பிவிட்டது என்பதை இருவரும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு 6 கிலோமீட்டர் தூரம் ஓட்டிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

விழும்போது ஸ்டெம் ஸ்டீயரர் குழாயின் மேல் திரும்பிக்கொள்வது பல நேரங்களில் நல்லதே. அடியின் ஒரு பகுதி அந்த உராய்வில் கரைந்துபோகிறது. இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஹேண்டில்பாரையோ ஃபோர்க்கையோ வளைத்திருக்கும். ஆனால் ஸ்டெம் திரும்பிவிட்டது என்பதாலேயே மற்ற எதுவும் வளையவில்லை என்று சொல்லிவிட முடியாது. திரும்பியிருப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிவதால் பார்ப்பவர் மனம் முழுவதும் அதிலேயே போய்விடுகிறது. சாலையோரத்தில் அவர்களுக்கு நேர்ந்தது இதுதான், மறுநாள் எனக்கும் இதுவே நேர்ந்தது.

முதல் பரிசோதனை: 2ஆம் நாள்

மறுநாள் மாலை சைக்கிள் என்னிடம் வந்தது. நான் கண்டவை இவை. வலது முனையில் கிரிப் (கைப்பிடி உறை) கிழிந்து, முனையடைப்பு காணாமல் போய், குழாயின் விளிம்பு வெளியே தெரிந்தது. வலது பிரேக் லிவர் அதன் இடத்தில் சுழன்று கீழ்நோக்கி இருந்தது. லிவர் முனையில் தரை உராய்ந்த தடம். முன்சக்கரத்தின் ரிம்மில் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டம். ஸ்டெம் இன்னும் சற்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சட்டத்தின் தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் பெயிண்ட் வெடிக்கவில்லை, புடைப்பும் இல்லை. ஃபோர்க்கின் இரு கால்களும் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றை ஒன்று சரியாக மறைத்தன.

கிரிப்பை மாற்றி, முனையடைப்பைப் பொருத்தினேன். அன்று நான் சரியாகச் செய்த வேலைகளில் இது ஒன்று. அடைப்பில்லாத ஹேண்டில்பார் முனை, அடுத்த முறை விழுந்தால் வயிற்றிலோ தொடையிலோ வட்டமாக வெட்டிக்கொண்டு இறங்கக்கூடியது. குழந்தைகளின் வயிற்றுக் காயங்களில் ஹேண்டில்பார் முனையால் ஏற்படுபவை மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தவை. ரிம்மின் கோட்டத்தை எடுத்தேன். பிறகு ஸ்டெம்மின் பின்பகுதிப் போல்ட்கள் இரண்டையும் தளர்த்தி, மேலிருந்து ஒரு கண்ணால் டயரைப் பார்த்து ஸ்டெம்மை நேராக்கி, 5 நியூட்டன் மீட்டருக்கு (திருப்புவிசையின் அளவு) இறுக்கினேன். பிரேக் லிவரை இடதுபக்க லிவரின் கோணத்துக்கு மேலே திருப்பி இறுக்கினேன். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்ததில் ஸ்டீயரர் குழாய் சுழலும் பேரிங்கில் ஆட்டம் இல்லை.

ஹேண்டில்பாரை எதிரே நின்று பார்த்தேன். நேராகத்தான் தெரிந்தது. முன்தகட்டைக் கழற்றவில்லை, லிவர்களை நகர்த்திப் பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை. இயல்பாகவே பின்னோக்கிச் சாய்ந்த ஹேண்டில்பாரில், கிரிப்பும் லிவரும் கியர் மாற்றியும் மேலே ஏறி நிற்கும்போது, ஒரு முனை ஒரு சென்டிமீட்டர் பின்னால் போயிருந்தாலும் எதிரே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அன்று நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவருக்கு வண்டி தேவைப்பட்டது என்பதும் என் அவசரத்துக்கு ஒரு காரணம்.

வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், “வலது கை மட்டும் கொஞ்சம் பின்னால இருக்கிற மாதிரி இருக்குண்ணா” என்றார். தோளில் அடிபட்டிருப்பதால் அப்படித் தோன்றலாம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு இதுவே. தினமும் ஓட்டுபவரின் உள்ளங்கை ஹேண்டில்பாரின் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் அறியும். அளவுகோலை எடுக்கச் சொல்லி அவர் கொடுத்த அறிகுறியை நான் அவருடைய உடல்நோவாக மாற்றிவிட்டேன்.

19ஆம் நாள்: ஓட்டியவர் திரும்ப வந்தது

விழுந்த நாளிலிருந்து 19ஆம் நாள் அவர் மீண்டும் வந்தார். தோள்வலி முற்றிலும் போய்விட்டது. ஆனால் வலது மணிக்கட்டு வலித்தது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து ‘கிறீச்’ என்ற சத்தம் நான்கைந்து நாட்களாக வருவதாகச் சொன்னார். உட்கார்ந்து மிதிக்கும்போது அந்தச் சத்தம் இல்லை.

முதலில் ஒரு நூலை எடுத்துக்கொண்டேன். சீட் தண்டின் நடுவில் ஒரு முனையைக் கட்டி, முன்சக்கரத்தைச் சட்டத்துக்கு நேராக நிறுத்தி, நூலின் மறுமுனையை இடது கிரிப்பின் முனைவரை இழுத்து விரலால் குறித்துக்கொண்டு, அதே நூலை வலது முனைக்குக் கொண்டுபோனேன். வலப்பக்கம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நூல் மிச்சமிருந்தது. அதாவது வலது முனை அந்த அளவுக்கு ஓட்டுபவரை நோக்கி வந்திருக்கிறது.

இந்த வித்தியாசம் இரண்டு வகையில் வரலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹேண்டில்பார் நேராகவே இருந்து ஸ்டெம் மட்டும் 1 பாகை திரும்பியிருந்தால், நடுவிலிருந்து 310 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் முனை 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஒரு முனை பின்னே வர, மற்றது முன்னே போகும் என்பதால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 10 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஸ்டெம் சரியாக இருந்து ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் வளைந்திருந்தாலும் நூல் இதே அளவையே காட்டும். எனவே நூல் அளவைப் பார்த்தவுடன் ஸ்டெம்மை இன்னும் 1 பாகை திருப்பிச் சரிசெய்வது, வளைந்த ஹேண்டில்பாருக்கு ஏற்றபடி சக்கரத்தைக் கோணலாக்கும் வேலையாக முடியக்கூடும். 2ஆம் நாள் நான் இந்த அளவை எடுத்திருந்தாலும், கழற்றிப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தத் தவறைத்தான் செய்திருப்பேன்.

கழற்றிப் பார்த்தபோது

கிரிப்புகள், லிவர்கள், கியர் மாற்றி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முன்தகட்டின் நான்கு போல்ட்களையும் கழற்றி ஹேண்டில்பாரை வெளியே எடுத்தேன். முன்தகடு அழுத்திய இடத்தில் சாம்பலும் கருப்புமாக மெல்லிய பொடி படிந்திருந்தது. அலுமினியம் அலுமினியத்தின் மேல் நுண்ணிய அளவில் தேய்ந்துகொண்டே இருந்தால் இந்தப் பொடி வரும். அசையாமல் இருக்க வேண்டிய இரண்டு பாகங்கள் அசைந்துகொண்டிருந்தன என்பதை அது காட்டியது.

வளைவைப் பார்க்க ஹேண்டில்பாரை ஒரு பெரிய அட்டையின் மேல் கிடத்தி, அதன் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு வரைந்தேன். பிறகு அதை இடது முனை வலப்பக்கம் வரும்படி, பின்சாய்வின் திசை மாறாமல் குப்புறப் புரட்டி, நடுப்பகுதியைக் கோட்டோடு பொருத்தினேன். நேரான ஹேண்டில்பார் என்றால் புரட்டினாலும் அதே கோட்டின் மேல் படிய வேண்டும். இது படியவில்லை, வளைந்த முனை கோட்டைவிட்டு 11 மில்லிமீட்டர் விலகி நின்றது. ஒரு பென்சிலும் அட்டையும் போதும் என்பதால் இந்த முறையை வீட்டிலேயே செய்யலாம். பின்சாய்வோடு மேல்நோக்கிய எழுச்சியும் உள்ள ஹேண்டில்பார்கள் அட்டையில் தட்டையாகப் படுக்காது. அவற்றுக்கு நடுப்பகுதியின் மேல் ஒரு மட்டக்கோலை வைத்து, இரு முனைகளும் அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று தனித்தனியே அளக்க வேண்டும்.

வளைவு தொடங்கிய இடம் ஸ்டெம்மின் வலது விளிம்பு. அங்கே, ஹேண்டில்பாரின் முன்பக்கத்தில், முன்தகட்டின் ஓரம் மறைத்திருந்த இடத்தில், மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்தது. கீறலா விரிசலா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்லக் கூடாது. துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளை மெல்லியதாகத் தூவினேன். இரயில்வே பட்டறைகளில் அச்சுகளையும் தண்டுகளையும் சோதிக்க எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் கொண்டு செய்துவந்த பழைய முறை இது. மேலோட்டமான கீறலாக இருந்தால் தூள் வெண்மையாகவே இருக்கும். இங்கே சில நிமிடங்களில் வெண்மைக்கு நடுவே 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஈரக்கோடு ஒன்று எழுந்துவந்தது. துடைத்தபின்னும் உள்ளே தங்கியிருந்த மண்ணெண்ணெய் கசிந்து வெளியே வந்திருக்கிறது. எனவே அது விரிசல்.

விரிசல் முன்பக்கத்தில் இருந்ததும் விழுந்த விதத்தோடு பொருந்துகிறது. முனை பின்னுக்குத் தள்ளப்படும்போது குழாயின் முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் நசுங்கும். இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் திறக்கும்.

ஸ்டெம்மைக் கழற்றியபோது ஸ்டீயரர் குழாயில் வளையமாகச் சில சிராய்ப்புகள் தெரிந்தன. போல்ட்களைத் தளர்த்தாமல் இரு முறை, அதாவது விழும்போது ஒரு முறையும் நண்பர் முறுக்கியபோது ஒரு முறையும், ஸ்டெம் திரும்பியதன் தடங்கள் அவை. குழாய் எஃகு, சிராய்ப்புகள் நகத்தில் தட்டாத அளவுக்கு மேலோட்டமானவை என்பதால் அதை அப்படியே விட்டேன். கார்பன் இழைக் குழாயாக இருந்திருந்தால் ஃபோர்க்கையே பயன்பாட்டிலிருந்து எடுத்திருப்பேன்.

எடுத்த முடிவும் காரணமும்

ஹேண்டில்பாரை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். விரிசலே இல்லாமல் 11 மில்லிமீட்டர் வளைவு மட்டும் இருந்திருந்தாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்பேன். அலுமினியக் குழாய் வளைந்த இடத்தில் கெட்டிப்பட்டு, மேலும் வளையும் திறனை இழக்கிறது. அதைத் திரும்ப நேராக்கினால் அந்த இடத்தை இரண்டாம் முறை வருத்துகிறோம், விரிசலுக்கு நாமே வழி திறக்கிறோம். எஃகுக்குச் சுமையில் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை அசைத்தாலும் அது சோர்ந்து உடைவதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை; சிறிய சுமைகளும் எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டே போகும். தொடங்கிவிட்ட விரிசல் ஒவ்வொரு குலுக்கலிலும் சிறிது வளரும்.

ஓட்டுபவர் எழுந்து நின்று மிதிக்கும்போது ஒரு முனையில் 40 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கிறார் என்று கொண்டால், அது ஏறக்குறைய 400 நியூட்டன். ஸ்டெம் விளிம்பிலிருந்து 280 மில்லிமீட்டர் தொலைவில் அந்த விசை செயல்பட்டால் விளிம்பில் விழும் வளைவுத்திருப்பம் 112 நியூட்டன் மீட்டர். விரிசல் இருந்தது சரியாக அந்த விளிம்பில். ஹேண்டில்பார் உடைந்தால் ஓட்டுபவருக்குத் திசைமாற்றும் பிடியும் ஒரு பிரேக்கும் ஒரே நொடியில் கையைவிட்டுப் போகும், உடலின் எடை முன்னே சரியும். வேறு பல பாகங்கள் உடைந்தால் ஓரளவு சமாளிக்க வாய்ப்புண்டு, இதில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

ஸ்டெம்மையும் மாற்ற வேண்டுமா என்று யோசித்தேன். அதன் இரு கவ்விகளிலும் அதே மண்ணெண்ணெய்ச் சோதனையைச் செய்ததில் எதுவும் வெளிவரவில்லை, முன்தகடு மட்டக்கோலில் நேராகப் படிந்தது, மரைகள் நன்றாக இருந்தன. ஸ்டெம்மை வைத்துக்கொண்டு ஆறு போல்ட்களை மட்டும் புதிதாக்கினேன். வலது பிரேக் கம்பியின் வெளியுறை லிவருக்குள் நுழையும் இடத்தில் மடிந்திருந்ததை அப்போதுதான் கண்டேன், அதையும் மாற்றினேன்.

கார்பன் இழை ஹேண்டில்பாராக இருந்தால் இந்த அளவுகளும் சோதனைகளும் போதாது. கார்பன் வளைந்து நிற்காது. அடிபட்டபின் பழைய வடிவுக்கே திரும்பிவிட்டு, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிப் பார்த்து, கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மழுங்கினால் அங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பார்கள். ஒலி மழுங்கவில்லை என்பதற்காக அதை நல்லது என்று சொல்ல நான் துணியமாட்டேன். தரையில் பலமாக மோதிய கார்பன் ஹேண்டில்பாரை மாற்றிவிடுவதே முறை.

புதியதைப் பொருத்திய விதம்

புதிய ஹேண்டில்பாரும் அலுமினியமே, அதே அகலமும் அதே 31.8 மில்லிமீட்டர் நடுவிட்டமும் கொண்டது. கவ்வும் பரப்புகளை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தேன். போல்ட்களின் மரையில் மட்டும் சிறிது கிரீஸ் தடவினேன். முன்தகட்டின் போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கால் சுற்று வீதம் இறுக்கிக்கொண்டு போய், மேலும் கீழும் இடைவெளி சமமாக இருப்பதைப் பார்த்து, ஸ்டெம்மில் பொறித்திருந்த 5 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை நிறுத்தினேன். மேலும் கீழும் இடைவெளி வேறுபட்டால் முன்தகடு ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தும், அந்த விளிம்பே அடுத்த விரிசலுக்கு இடமாகும். மேல் இடைவெளியை முதலில் முழுதாக மூடச் சொல்லும் ஸ்டெம்களும் உண்டு. அவற்றில் அதைப் பொறித்திருப்பார்கள்.

நேராக்கும் வேலையை இம்முறை டயரைப் பார்த்துச் செய்யவில்லை. டயர் ரிம்மில் கோணலாக உட்கார்ந்திருக்கலாம், ரிம்மில் கோட்டம் மிச்சமிருக்கலாம். ஸ்டெம்மோ 90 மில்லிமீட்டர் நீளமே உள்ளதால் அதன் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஃபோர்க்கின் இரு கால்களின் முன்புறத்தையும் தொடும்படி ஒரு மட்டக்கோலைக் கட்டி, ஹேண்டில்பாரின் நடுப்பகுதியை ஒட்டி இன்னொன்றை வைத்து, மேலிருந்து பார்த்து இரண்டும் இணையாக வரும்வரை ஸ்டெம்மைத் திருப்பினேன். இரண்டு நீளமான கோடுகளை ஒப்பிடும்போது அரைப் பாகைப் பிசகும் தெரிந்துவிடுகிறது.

இங்கே வரிசை முக்கியம். ஸ்டீயரர் குழாயின் உச்சியில் உள்ள மேல்மூடியின் போல்ட் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டுமே. ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துவது அதன் பின்பகுதியில் உள்ள இரண்டு பக்கவாட்டுப் போல்ட்கள். பக்கவாட்டுப் போல்ட்கள் இறுகியிருக்கும்போது மேல்மூடியை எவ்வளவு முறுக்கினாலும் பேரிங்குக்குப் பயனில்லை, மரைதான் கெடும். எனவே பக்கவாட்டுப் போல்ட்கள் தளர்ந்திருக்கும்போதே நேராக்கி, மேல்மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கி, அதன்பின் பக்கவாட்டுப் போல்ட்கள் இரண்டையும் மாற்றி மாற்றி 5 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவந்தேன். முன்பிரேக்கைப் பிடித்து, ஹேண்டில்பார் நேராக இருக்கும்போதும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போதும் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சட்டத்தைச் சாய்த்தபோது அது தடையில்லாமல் இருபுறமும் தானே திரும்பியது.

லிவர்களை ஓட்டியவரை உட்காரவைத்தே அமைத்தேன். கைவிரல்களை நீட்டும்போது முழங்கை முதல் விரல்நுனிவரை ஒரே கோடாக வருமாறு கோணத்தை வைத்தேன். லிவர்களின் கவ்வியைப் பிரேக் பிடிக்கும்போது அசையாத அளவுக்கு மட்டுமே இறுக்கினேன். உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினால் சுழன்றுகொடுக்க வேண்டும். விழும்போது லிவர் சுழன்றுகொடுத்ததால்தான் அது உடையாமல் தப்பியது. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, கம்பிகள் எங்கும் இழுபடவில்லை, பிரேக் தானாகப் பிடிக்கவில்லை என்பதையும் உறுதிசெய்தேன்.

பின்விளைவு

பழைய ஹேண்டில்பாரை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, ஓட்டியவரின் ஒப்புதலோடு வைஸில் (மேசைப் பிடிப்பானில்) பிடித்து வளைத்தேன். அலுமினியக் குழாய் வழக்கமாக நன்றாக மடிந்துகொடுத்த பிறகே பிளக்கும். இது கொஞ்சம் வளைந்ததுமே விரிசலில் சட்டென்று விட்டுக்கொடுத்தது. உடைந்த முகத்தைப் பார்த்தபோது, புதிதாக உடைந்த பகுதி வெள்ளியாக மின்ன, விரிசல் இருந்த இடத்தில் மட்டும் பிறை வடிவில் கருத்த பகுதி ஒன்று இருந்தது. பிறையின் நடுவில் குழாய்ச் சுவரின் பாதிக் கனம்வரை கருமை போயிருந்தது. அது முன்பே திறந்து, ஒன்றோடொன்று உரசி, அழுக்கேறிய பகுதி. ஓட்டியவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. 2ஆம் நாள் அவர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். போல்ட்களின் இறுக்கம் குறையவில்லை. சத்தம் இல்லை. மணிக்கட்டு வலி அந்த வாரத்திலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்து நூலால் மீண்டும் அளந்ததில் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன.

மாற்றிக்கொண்டவை

விழுந்த சைக்கிள் எதுவானாலும், ஸ்டெம்மைத் தொடுவதற்கு முன் முன்தகட்டைக் கழற்றி, ஹேண்டில்பாரை வெளியே எடுத்துப் பார்த்துவிடுகிறேன். அரை மணி நேர வேலை கூடுகிறது. அந்த நேரம் இல்லாதபோது வண்டியை மறுநாள்வரை வைத்துக்கொள்கிறேன். வேலைச்சீட்டின் முதல் வரியில், ஓட்டியவர் தம் கைக்கும் உடலுக்கும் என்ன வேறுபாடு தெரிகிறது என்று சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதுகிறேன். அதற்கு விளக்கம் சொல்வதை அளவு எடுத்த பிறகே செய்கிறேன்.

முழங்காலில் சக்கரத்தை இறுக்கி நேராக்கிய நண்பர், அன்று அப்படிச் செய்தது தவறா என்று கேட்டார். நேராக்கியதில் தவறில்லை, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை சில இருந்தன என்றேன். போல்ட்களைத் தளர்த்தாமலே ஹேண்டில்பார் எளிதாகத் திரும்பினால் ஸ்டெம்மின் பிடி தளர்வாக இருக்கிறது என்று பொருள். வீடு திரும்பும் வழியில் ஒரு பள்ளத்தில் அது மீண்டும் திரும்பியிருக்கலாம். ஆலன் கீ இருந்தால் தளர்த்தி, நேராக்கி, இறுக்க வேண்டும். அதன்பின் முன்சக்கரம் ஃபோர்க்கில் உறுதியாக இருக்கிறதா, ரிம் பிரேக்கில் உரசாமல் சுழல்கிறதா, இரு பிரேக்குகளும் முழுமையாகப் பிடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, சைக்கிளின் மேல் ஏறாமல் பக்கத்தில் நின்றபடி, ஹேண்டில்பாரின் ஒவ்வொரு முனையிலும் உடல் எடையைப் படிப்படியாக ஊன்றிப் பார்க்க வேண்டும். அது சுழன்றாலோ தொய்ந்தாலோ சத்தம் எழுந்தாலோ ஏறக் கூடாது. இந்தச் சோதனையில் தேறுவது வீடுவரை மெதுவாகப் போவதற்கு மட்டுமே. அடுத்த நாள் ஓட்டுவதற்கு முன் கழற்றிப் பார்த்தாக வேண்டும். ஆலன் கீ இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்றேன். அந்த 6 கிலோமீட்டரை நடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும்.